மலையில் பெய்த மழை

“தென்றல், நாளைக்கு லீவா?”

ஐப்பசி பிறந்தால் போதும், ஆறாம் வகுப்பே தென்றலைச் சுற்றி நின்று இதைத்தான் கேட்கும்.

காரணம், அவள் வீட்டு மாடியில் ஒரு மழைமானி இருந்தது. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, மேல்பாதியைக் கவிழ்த்துப் புனல் மாதிரி செருகி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டி அவளே செய்தது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே மாடிக்கு ஓடுவாள். எவ்வளவு மழை பெய்திருக்கிறது என்று பார்த்து, அம்மாவின் போனிலிருந்து ‘மழை வந்தாச்சு’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவாள்.

அந்தக் குழுவில் இருந்த எல்லோருமே மழைப் பைத்தியங்கள். பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் வைத்திலிங்கம் மாமாதான் அதை ஆரம்பித்தவர். பச்சைமலை அடிவாரத்தில் பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் பூமாலை அக்கா, அரியலூர்ப் பக்கம் டீச்சராக இருக்கும் சத்யப்பிரியா என்று சுற்று வட்டாரமே அதில் இருந்தது. வெயில் காலத்தில் அங்கே ஒரு சத்தமும் இருக்காது. வானம் கொஞ்சம் கறுத்தால் போதும், கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும்.

ஆனால் போன வாரம் தென்றல் மாட்டிக்கொண்டாள்.

குழுவில் யாரோ போட்ட மேகப் படத்தில் பெரம்பலூருக்கு மேலே சிவப்பாக ஏதோ இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “நாளைக்கு நிச்சயம் லீவு” என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். ஒருத்தரும் கணக்குப் பரீட்சைக்குப் படிக்கவில்லை. மறுநாள் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டு அடித்தது. கணக்கு டீச்சரும் சிரித்துக்கொண்டே வினாத்தாளோடு வந்தார்.

அன்றிலிருந்து அவள் பெயர் ‘பொய்மழை’.

தெருவிலும் அதே கதைதான். பக்கத்து வீட்டு ராஜா அண்ணன் அவள் பேச்சைக் கேட்டு, காயப்போட்ட மக்காச்சோளத்தை எல்லாம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவளைப் பார்க்கும்போதெல்லாம், “என்ன பொய்மழை, இன்னைக்கு வெயில் அடிக்குமா அடிக்காதா?” என்று கேட்காமல் போகமாட்டார்.

‘இனிமேல் மழையைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கமாட்டேன்’ என்று தென்றல் முடிவு செய்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உண்மையிலேயே மழை கொட்டியது. விடியற்காலையில் தொடங்கியது, மதியம்தான் விட்டது. விட்டதும் பளிச்சென்று வெயில்கூட வந்துவிட்டது. அவள் ஊரான குரும்பலூரில், தெருவில் பிள்ளைகள் தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

மாடியில் மழைமானியைப் பார்த்துவிட்டுத் தென்றல் போனைத் திறந்தாள். பூமாலை அக்காவின் செய்தி வந்திருந்தது.

“இங்க இன்னும் நிக்கல. பாட்டில் நெறஞ்சுது, கொட்டிட்டு வெச்சேன். அதுவும் நெறஞ்சிருச்சு. மலையே தெரியல.”

தென்றல் மாடியின் பின்பக்கச் சுவரை எட்டிப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால் ராஜா அண்ணனின் தாழ்ந்த வயல். அதையொட்டி ஓடை. ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். வயலில் செல்லக்கண்ணு மாமாவின் ஆட்டுக்கிடை.

செல்லக்கண்ணு மாமா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வருபவர். வயலுக்கு எரு கிடைக்கும் என்று ராஜா அண்ணன்தான் அவரை அங்கே கிடை போடச் சொல்லியிருந்தார். மழை விட்டதும் மாமாவும் அத்தையும் பெரிய ஆடுகளை ஓடைக்கு அந்தப் பக்கம் மேய ஓட்டிப்போய்விட்டார்கள். பனையோலையில் பின்னிய பெரிய கூடைகளைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் குட்டிகளை அடைத்திருந்தார்கள். காவலுக்கு அவர்கள் மகள் ஜோதி மட்டும் இருந்தாள். அவளுக்கும் தென்றல் வயதுதான்.

ஓடை எங்கிருந்து வருகிறது? மலையிலிருந்து. மலையில் என்ன நடக்கிறது?

உடனே பூமாலை அக்காவைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, உங்க ஊர் ஓடையில தண்ணி எப்படிப் போவுது?”

“தரைப்பாலத்துக்கு மேல போவுதும்மா! பால் வண்டியே இந்தப் பக்கம் வர முடியாம நிக்குது.”

“அது எங்க ஊருக்கு எப்போ வரும்?”

“அது எனக்குத் தெரியலையே கண்ணு. வர்ற வழியில ஏரி இருக்கு. ஏரி நெறைஞ்சா அங்க வரும். இல்லன்னா வராமலும் போவலாம்.”

தென்றல் போனைப் பிடித்தபடி நின்றாள். வராமலும் போகலாம். வெயில் அடிக்கிறது. இப்போது போய், “வெள்ளம் வரும்” என்று சொல்லி, வராவிட்டால்? ‘பொய்மழை’ போய், ‘பொய்வெள்ளம்’ வந்துவிடும்.

கீழே ஜோதி ஒரு கூடையைத் தூக்கி, உள்ளேயிருந்த குட்டியின் மூக்கைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தென்றல் தடதடவென்று படி இறங்கினாள்.

“அம்மா, ஜோதி கிட்டப் போறேன். போன் என்கிட்ட இருக்கு!”

“சேத்துல வழுக்கப் போவுது, பாத்துப் போ!” என்று அடுப்படியிலிருந்து அம்மா ஜெயலட்சுமியின் குரல் கேட்டது.

ஜோதி அவளைப் பார்த்ததும் சிரித்தாள். “வா வா, இது நேத்துப் பொறந்த குட்டி. பாரு, காது எப்படி இருக்கு!”

“ஜோதி, குட்டிங்களை மேட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடலாமா?”

“ஏன்? மழைதான் விட்டுருச்சே.”

“மலையில விடல. அங்க பாலத்துக்கு மேல தண்ணி போவுது. அது இங்க வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. நெஜமாவே தெரியாது. ஆனா வந்துட்டா நீ ஒருத்தியா எல்லாத்தையும் தூக்க முடியாது.”

ஜோதி ஓடையைப் பார்த்தாள். அது சமர்த்தாகச் சலசலத்துக்கொண்டிருந்தது.

“இங்கேயே இருக்கணும்னு அப்பா சொல்லிருக்காரு. நான் பாட்டுக்கு மாத்துனா வைவாரு.”

“தண்ணி வரலைன்னா நானே உன்னோட சேர்ந்து எல்லாத்தையும் திரும்பத் தூக்கியாந்து விடுறேன். உங்க அப்பா நம்பர் சொல்லு, கேட்டுடலாம்.”

ஜோதிக்கு நம்பர் மனப்பாடம். நல்லவேளை, செல்லக்கண்ணு மாமா உடனே எடுத்தார். தென்றல் பூமாலை அக்கா சொன்னதை அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

மாமா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “தண்ணி வரலைன்னா நமக்குக் கை வலிதான் மிச்சம், பாப்பா. வந்துட்டா குட்டி போயிரும். ஏத்திருங்க. நான் இப்பவே திரும்புறேன்” என்றார்.

“மாமா, ஓடையில எறங்காதீங்க! ஆடுங்களோட நடு ஓடையில இருக்கும்போது தண்ணி வந்துட்டா?”

“அதுவும் சரிதான். அப்ப இந்தக் கரையிலேயே நிக்கிறேன். புள்ளையக் கொஞ்சம் பாத்துக்கம்மா.”

வயலின் மேற்கு மூலையில், மேட்டில் ராஜா அண்ணனின் மோட்டார் கொட்டகை இருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈரக்குட்டி பார்க்கத்தான் சிறியது. தூக்கினால் அரிசி மூட்டை மாதிரி கனத்தது. ஒன்று தாயின் மடியென்று நினைத்தோ என்னவோ, தென்றலின் துப்பட்டாவைச் சப்பத் தொடங்கியது.

கொட்டகை வாசலில் ராஜா அண்ணன் நின்றிருந்தார்.

“என்ன பொய்மழை, ஆட்டுக்குட்டிக்கும் லீவு விட்டுட்டியா?”

தென்றலுக்கு முகம் சிவந்தது. ஆனாலும் குட்டியைக் கீழே விட்டுவிட்டுப் போனை நீட்டினாள். பூமாலை அக்கா அனுப்பியிருந்த வீடியோ அதில் ஓடியது. செம்மண் நிறத்தில் தண்ணீர் பாலத்தின் மேல் புரண்டு போய்க்கொண்டிருந்தது.

“இது இன்னைக்கு எடுத்ததுதானா?”

“இப்பதாண்ணே வந்துச்சு. ஏரி நெறைஞ்சிருச்சான்னு தெரியல.”

ராஜா அண்ணனின் சிரிப்பு நின்றது. “நான் காலையில அந்த ஏரி வழியாத்தான் வந்தேன். அப்பவே ததும்பிக்கிட்டு இருந்துச்சு” என்றார். சொல்லிக்கொண்டே லுங்கியை மடித்துக் கட்டிவிட்டார். இரண்டு கக்கத்திலும் இரண்டு குட்டிகளோடு அவர் சேற்றில் ஓடி வந்ததைப் பார்த்து ஜோதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சத்தம் கேட்டு அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டாள்.

பாதிக்கு மேல் குட்டிகள் ஏறிய பிறகு ஓடையின் சத்தம் மாறியது.

முதலில் சருகும் நுரையும் வந்தன. பின்னாலேயே செம்மண் தண்ணீர் வந்தது. அது ஆளை அடித்துப்போகிற வெள்ளமில்லை. ஆனால் பால் பொங்குவதுபோல் கரைக்கு மேலே ஏறி, வயலுக்குள் சத்தமில்லாமல் பரவியது.

“ஓடுங்க, ஓடுங்க!” என்று அம்மா கத்தினாள்.

கடைசிக் கூடைகளையும் திறந்து, கைக்கு வந்ததைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேட்டில் ஏறினார்கள். ஜோதி குட்டிகளுக்கு நடுவே புகுந்து தேடினாள். அவள் முகம் மாறியது.

“நேத்துப் பொறந்தது இல்ல! காது பெருசா இருக்குமே, அந்தக் குட்டி இல்ல!”

கீழே, ஒரு கூடை மட்டும் கவிழ்ந்தபடி தண்ணீருக்கு நடுவே நின்றது. ஜோதி இறங்கப் போனாள். தென்றல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம், ஜோதி! ராஜாண்ணே! அந்தக் கூடை!”

ராஜா அண்ணன் ஒரு கழியை ஊன்றியபடி இறங்கினார். தண்ணீர் அவர் முழங்காலைத் தொட்டது. கூடையைத் தூக்கினார். உள்ளே அந்தக் குட்டி தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, நடுங்கியபடி நின்றது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் திரும்பிய கொஞ்ச நேரத்தில், காலியாக இருந்த கூடைகள் தொப்பிகள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து, வேலியில் போய் மாட்டிக்கொண்டன.

ஜோதி குட்டியை வாங்கிப் பாவாடையால் துடைத்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் அவளுக்கு விக்கல் எடுத்தது.

தென்றல் போனை எடுத்துக் குழுவில் எழுதினாள். ‘எங்கள் ஊர் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது. வயலில் முழங்கால் அளவு. கீழே இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.’

அடுத்த நிமிடமே சத்யப்பிரியா டீச்சரிடமிருந்து பதில் வந்தது: “நன்றி தென்றல். எங்க ஓடைக்கரையில மாடு கட்டியிருக்காங்க. இதோ சொல்லப் போறேன்.”

ராஜா அண்ணன் காலில் ஒட்டிய சேற்றைக் கல்லில் தேய்த்துக்கொண்டே வந்தார். “தென்றல்” என்று கூப்பிட்டார். அவர் இப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. “என் நம்பரையும் அந்தக் குரூப்புல சேத்து விடேன்.”

மாலையில் ஓடை வடிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே செல்லக்கண்ணு மாமாவும் அத்தையும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு இந்தக் கரை ஏறினார்கள். தாய் ஆடுகள் கிடை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு ஒரே கூச்சலாகக் கத்தின.

ஜோதி கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டாள்.

குட்டிகள் மேட்டிலிருந்து உருண்டு புரண்டு ஓடின. ஒன்று தவறான தாயிடம் போய் முட்டு வாங்கிக்கொண்டு, அடுத்ததிடம் ஓடியது. மாமா ஒவ்வொரு குட்டியாகப் பார்த்தார். தென்றலின் அருகில் வந்து, அவள் தலையில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார்.

அந்த நேரம் பார்த்து வைத்திலிங்கம் மாமா போன் செய்தார்.

“தென்றல், தண்ணி வடிஞ்சிருச்சாம்மா? அது என்ன அங்க அவ்வளவு சத்தம்?”

தென்றல் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, சிரித்தபடி கத்தினாள்.

“பால் குடிக்குதுங்க, மாமா! எல்லாக் குட்டியும் பால் குடிக்குதுங்க!”