மிச்சம் வைக்கிற ஆசான்

“உங்களுக்கு நிஜமாவே குணமாகணுமா?” என்று காற்றாலைக் கம்பெனி மருத்துவர் ஒருமுறை மிதுனாவிடம் கேட்டார்.

மிதுனாவின் வலது கை தோளுயரத்துக்கு மேல் போகாமல் இறுகிக் கிடந்தது. ஜாக்கெட் கொக்கி மாட்டவும் தலை சீவவும் வீட்டில் ஆள் தேட வேண்டியிருந்தது. மருத்துவருக்கான பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவள் வாயில் வந்தது. “இல்லீங் டாக்டர், ஆசைக்கு வெச்சிருக்கறேனுங்!” என்று இட்லிக் குண்டானைப் பார்த்துச் சொன்னாள்.

மருத்துவர் அன்று அந்தக் கேள்வியோடு விடவில்லை. ஆடிக்காற்று தொடங்குமுன் ஏணிச் சோதனை உண்டு என்றார். கோபுரத்து ஏணிப்படியை இரண்டு கையாலும் பற்றித் தொங்க வேண்டும். முடியாதவர்களுக்குக் கோபுரம் ஏறும் அனுமதி கிடையாது. கீழே பண்டக அறையில் திருகாணிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளில் உச்சிவரை ஏறுகிற பெண்கள் மிகச் சிலர். மேலே மூடியைத் திறந்து தலையை நீட்டினால் திருமூர்த்தி அணை ஒரு கண்ணாடித் துண்டுபோல் தெரியும். அந்தக் காட்சிக்காகவே அவள் இந்த வேலையில் இருந்தாள்.

“இலவச ஆசான் யாரையாச்சும் பிடிச்சுக்குங்க,” என்று சொல்லி மருத்துவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

இலவச ஆசான்களுக்குப் பஞ்சமில்லை. எல்லா வீட்டுச் சுவரிலும் சுவர்விழி பதித்திருந்தார்கள். அது பார்க்கும், கேட்கும், தசை எங்கே இறுகியிருக்கிறது என்று உடற்சூட்டை வைத்துக் கண்டுபிடிக்கும். ‘நலப்பந்தல்’ என்று சொன்னால் போதும், ஆசான்கள் வரிசையாகச் சுவரில் வந்து நிற்பார்கள். ஒளியால் ஆன உருவங்கள்தான் என்றாலும், ஒவ்வொருவருக்கும் தனி முகம், தனிக் குரல், தனிப் பயிற்சிமுறை. கூலி எதுவும் கேட்பதில்லை.

தேடுவதுதான் பாடாக இருந்தது. முதலில் வந்த ஆசான் பனிமலை, பிரபஞ்சம், பேரொளி என்று பேசிப் பேசியே வகுப்பை முடித்தார். கடைசிவரை தோள் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அடுத்தவர் நன்றாகத்தான் தொடங்கினார். மிதுனா குனிந்து கணுக்காலைப் பிடித்த நேரத்தில், “இந்த நிலையில் அப்படியே இருங்கள்,” என்று சொல்லிவிட்டு மெத்தை விளம்பரத்துக்குப் போய்விட்டார். விளம்பரம் முடியும்வரை அவள் குனிந்தே இருந்தாள். இன்னொருவருக்கு அவளுடைய பேச்சு புரியவில்லை. “சுளுக்குங்க,” என்றால், “சுருக்கமா? இதோ சுருக்கமாகச் சொல்கிறேன்,” என்று ஆரம்பித்தார். மிதுனா ஈரத்துண்டை எடுத்துச் சுவர்மேல் எறிந்தாள். இடது கையால் எறிந்ததால் அது காலண்டர்மேல் போய் விழுந்தது.

அப்படித் தேடித் தேடிக் கிடைத்தவர்தான் வைகறை ஆசான். பெரிய பேச்சில்லை. வலி எங்கே என்று கேட்காமலே தோள்பட்டை எலும்பின் ஓரத்தைச் சுட்டினார். ஆசான்கள் பாடத்தை மட்டும்தான் கொண்டு வருவார்கள், பேச்சையும் பழக்கவழக்கத்தையும் அந்தந்த ஊர் மாணவர்களிடமிருந்து பொறுக்கிக்கொள்வார்கள். இவர் உடுமலையில் வெகுகாலம் இருந்தவர்போல வார்த்தைக்கு வார்த்தை ‘ங்’ போட்டார்.

கை மெல்ல மெல்ல எழுந்தது. கன்னத்தைத் தாண்டியது, காதைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது.

“இன்னைக்கு இது போதுமுங்,” என்பார் ஆசான்.

மிதுனா கும்பிட்டு, “போயிட்டு வரேனுங்,” என்பாள். போவது பக்கத்திலிருக்கும் சமையலறைக்கு. ஆனாலும் பெரியவர்முன் சொல்லாமல் நகர முடியுமா?

மறுநாளும் காதுவரைதான். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே.

“என்ன மிது, இன்னைக்கும் உங்காளு பாதியில உட்டுட்டாரா?” என்பான் அவளைப்போலவே கோபுரம் ஏறுகிற கணவன் கவின், அவளுக்குத் தலை சீவிக்கொண்டே.

“மரியாதையாப் பேசுங்க. கேட்டுட்டு இருக்கறாரு.”

“கேக்கட்டும். நானும் தெனமும் சடை போட்டுப் பழகிட்டேன். வேலை போச்சுன்னா பியூட்டி பார்லர் வெச்சுக்கலாம்.”

“சீப்பைக் குடுங்க இங்க!” என்று பிடுங்கினாள். பிடுங்கிய கை வலித்தது.

வலியோடுதான் வேலைக்குப் போனாள். அங்கே ராகேஷ் ஏணியில் ஒற்றைக் கையில் தொங்கிக்கொண்டு மற்றக் கையால் அவளுக்கு வணக்கம் வைத்தான். பீகாரிலிருந்து வந்து இங்கேயே கல்யாணம் செய்துகொண்டவன். முன்பு அவனுக்கும் அதே தோள் இறுக்கம் இருந்தது. ஆசானும் அதே வைகறைதான்.

“உனக்கு எப்படிடா குணமாச்சு?”

“ஒரே வகுப்பு அக்கா. முடிஞ்சதும் ‘சரி, நான் போறேன்’னு சொன்னேன். ஆசான் பதறிட்டார். ‘நில்லுங், நில்லுங்’னு கூப்பிட்டு மிச்சத்தையும் சொல்லிக்கொடுத்தார்.”

“எத்தனை தடவை சொல்லியிருக்கோம், ‘போறேன்’னு சொல்லாதேன்னு? அதுவும் கோபுரத்துக்குக் கீழ நின்னுட்டு!”

“மறந்து மறந்து போகுது அக்கா. போறது போறதுதானே?”

மிதுனாவுக்குச் சட்டென்று ஏதோ உறைத்தது. அன்று மாலை செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவர்முன் போய் நின்றாள்.

“ஆசானே, எனக்குப் பாக்கி வெக்கறீங்களா?”

“ஆமாங்,” என்றார் வைகறை ஆசான், கொஞ்சமும் கூசாமல்.

“எதுக்குங்?”

“நீங்கதானுங் தெனமும் வரேங்கறீங்க. வர்றவங்களுக்குப் பாடம் இருக்கணுமில்லீங்களா? எல்லாத்தையும் இன்னைக்கே குடுத்துட்டா நாளைக்கு வந்து நின்னு ஏமாந்துருவீங்க. அது மரியாதையா இருக்காதுங்க. போறேன்னு சொல்றவங்களுக்கு மட்டும் கையில இருக்கறதைப் பூராவும் குடுத்துருவோமுங்.”

“அது சும்மா சொல்றதுங்க! பேச்சுக்குச் சொல்றது!”

“பேச்சுக்குத்தானுங் நானும் நடந்துக்கறேன்.”

மிதுனா தலையில் அடித்துக்கொள்ளப் பார்த்தாள். கை அவ்வளவு தூரம் வரவில்லை. ஊரே இப்படித்தான் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. முதுகுப்பிடிப்பு விடாத பக்கத்து வீட்டுக்காரரும் முழங்கால் மடங்காத மில் வாசல் பூக்காரம்மாவும் நாள்தவறாமல் கும்பிட்டு, வருவதாக வாக்குக் கொடுத்து, வலியில் ஒரு கீற்றை மிச்சம் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப நான்...” என்று ஆரம்பித்தாள். “நான் போ...”

வாய் வரவில்லை. கவின் அப்போது கோபுரத்து உச்சியில் இருந்தான். ராகேஷைத் தவிர, ஏணிக்கடியில் நிற்கிற எவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. வீட்டிலும் சாவு வீட்டு வாசலைத் தவிர வேறெங்கும் அதை அவள் கேட்டதில்லை. மறுபடி முயன்றாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆசான் பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் முட்டியது. எதுவும் சொல்லாமல், கும்பிடாமல், விறுக்கென்று திரும்பி வெளியே நடந்தாள்.

“அம்மிணி, நில்லுங்! நில்லுங்!”

அன்றைக்குப் பாடம் நீண்டது. முடிந்தபோது மிதுனாவின் வலது கை நேராக, கூரையைச் சுட்டிக்கொண்டு நின்றது. சோதனையில் அவள் தொங்கியதைப் பார்த்து மருத்துவர், “பரவாயில்லையே, பிரயத்தனம் பண்ணியிருக்கீங்க,” என்றார். இந்த முறையும் பதில் இட்லிக் குண்டானுக்குத்தான் கிடைத்தது.

சூட்சுமம் ஊருக்குள் பரவியது. ‘போறேன்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, ஆனால் சொல்லாமல் நழுவ எல்லாருக்கும் வந்தது. பாடம் நடக்கும்போதே பாதியில் எழுந்து போனார்கள். ஆசான்கள் பதறிக் கூப்பிட்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். முதுகுகள் நிமிர்ந்தன, முழங்கால்கள் மடங்கின. நாளடைவில், கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க நேரமில்லாமல் போனவர்களே அதிகம். ஆசான்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறு வருஷம் மிதுனாவின் இடது தோள் இறுகியது. ஒன்று விட்டால் சிலருக்கு மற்றது பிடிக்குமாம். ஏணிச் சோதனை மீண்டும் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இந்த முறை அவளுக்குப் பயமில்லை. வழிதான் தெரியுமே. சுவர்முன் நின்று வைகறை ஆசானைக் கூப்பிட்டாள்.

வந்தார். பழைய முகம்தான், பழைய பொறுமைதான். எலும்பின் ஓரத்தைச் சுட்டினார். “மூச்சை இழுத்துட்டுத் தூக்குங். இன்னுங் கொஞ்சம். அங்கயே புடிங்,” என்றார்.

மிதுனா பிடித்தாள். கை தோளுயரத்தில் நின்றது. அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

ஆசான் முகத்தைத் திருப்பினார். எங்கோ வேலை இருப்பவர்போலச் சுவரின் ஓரத்தை நோக்கி நடந்தார்.

“ஆசானே, எங்கீங் போறீங்க? கையை எறக்கறதா தூக்கறதா? மறுபடி வருவீங்களா?”

அவர் நிற்கவில்லை.

“வரேன்னாவது ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்! நில்லுங்! நில்லுங்!”

வைகறை ஆசான் திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்.