ஏழாவது குழி

எங்கள் ஊர் மேட்டில் பதினோரு பழைய குழிகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே நிலாக்கல் எடுத்தார்களாம். திருப்பிப் பார்த்தால் உள்ளே நீலமாக ஒளி ஓடும் கல் அது. கல் தீர்ந்துவிட்டதென்று நான் பிறப்பதற்கு முன்பே விட்டுவிட்டார்கள். அப்புறம் ஆடுகள் விழுந்து காலை ஒடித்துக்கொள்ளத்தான் அந்தக் குழிகள் பயன்பட்டன.

2003-இல் நான் ஆறாம் வகுப்பு. இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பெரம்பலூர் கனிமவள ஆபீசிலிருந்து ஜீப்பில் செந்தில்குமார் சார் வந்தார். தோண்டுகிற வேலைக்கு அப்பாவைச் சேர்த்துக்கொண்டார்.

அதுவரை அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வருவார். இப்போது தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அதுவும் தப்புத் தப்பாக. இருந்தாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

ஆறு குழி தோண்டியாயிற்று. ஒன்றும் கிடைக்கவில்லை.

"ராசாங்கம், ஏழாவதுலயும் இல்லன்னா நாங்க கெளம்பிடுவோம்" என்றார் சார், ஒரு வெள்ளிக்கிழமை.

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்த அப்பா, பரண் மேலிருந்த பயணப் பையை இறக்கித் தூசி தட்டினார். மறுபடி திருப்பூர்தான்.

என்னிடம் ஏழு நிலாக்கற்கள் இருந்தன. மழை விட்டதும் மேட்டில் மண் கரைந்து எங்காவது ஒரு கல் தெரியும். பொறுக்கியதை விளக்கெண்ணெய் தடவித் துணியில் முடிந்து வைப்பது எங்கள் ஊர் வழக்கம். எண்ணெய் ஊறினால் கீறல் தெரியாது, வியாபாரி குறை சொல்லமாட்டான். என்னுடையவை இரண்டு வருடமாக எண்ணெய் குடித்த கற்கள்.

சனிக்கிழமை அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். எல்லாரும் வேப்பமரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஏழாவது குழியின் மண் குவியலுக்குள் ஏழு கல்லையும் அமுக்கிவிட்டேன். என்னைவிடக் கெட்டிக்காரி இந்தத் தாலுகாவிலேயே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மண்ணைச் சலித்தார்கள். கற்கள் வந்தன. சார் உடனே ஆபீசுக்குப் போன் பண்ண ஓடினார். திரும்பி வந்து, "இன்னும் ரெண்டு மாசத்துக்கு வேலை இருக்கு, ராசாங்கம்" என்றார். அன்று அப்பா பையைத் திரும்பப் பரண் மேல் போட்டார்.

அந்தக் குழியை ஒட்டி ஆண்டாயி அத்தையின் பருத்திக்காடு இருந்தது. அதற்குள்ளேயும் தோண்ட வேண்டும் என்று சார் கேட்டார். இதை நான் யோசிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். அத்தை குனிந்து செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். மஞ்சள் பூவும் பச்சைக் காயுமாக இருந்த செடிகள்.

"ஏன் அத்தை நீங்களே புடுங்குறீங்க?"

"மத்தவங்க வந்தா கண்டபடி மிதிப்பாங்க. வச்சவ நானு, நானே எடுத்துடுறேன். ஊருல நாலு பேருக்கு வேலை கெடைக்குதுல்ல. ஒங்கப்பனும் வூட்டோட இருப்பான்."

சொல்லலாமா வேண்டாமா என்று மரம் மாதிரி நின்றேன். நான் நின்ற நேரத்தில் மூன்று வரிசை போய்விட்டது. நாலாவது வரிசைக்கு அத்தை கையை நீட்டியபோதுதான், "நிறுத்துங்க அத்தை" என்று கத்திவிட்டு ஓடினேன்.

வேப்பமரத்தடியில் சார் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்திருந்தார். அப்பாவும் பக்கத்தில் இருந்தார்.

"சார், அந்தக் கல்லெல்லாம் என்னோடது. நான்தான் மண்ணுல போட்டேன்."

சார் சிரித்தார். அப்பா, "அத்தை செடி போகுதேன்னு கதை விடுறா சார்" என்றார்.

"கதை இல்லப்பா. அந்தக் கல்லைச் சுடுதண்ணியில போட்டுப் பாருங்க சார். விளக்கெண்ணெய் மெதக்கும்."

சார் ஒரு கல்லை எடுத்து வெந்நீர் டம்ளரில் போட்டார். மூவரும் குனிந்து பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் சின்னச் சின்னப் பொட்டாக மேலே வந்தது. அப்பா என்னைப் பார்க்கவில்லை. டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை எங்க பொறுக்குன?" என்று சார் கேட்டார்.

"இந்த மேட்டுலதான் சார். ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசத்துல ஏழுதானா? அப்ப மிச்சம் மீதி இருந்ததையும் நீயே முடிச்சுட்ட" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. ஆபீசுக்கு என்ன சொல்வதென்று அவருக்கு அவர் கவலை.

திங்கட்கிழமை ஜீப் போனது. குழிகளை மூடும் வேலை அப்பாவுக்கு இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை விடியற்காலையில் பஸ்ஸுக்கு நின்றோம்.

"கொடி, நீ சொன்னது சரிதாம்மா" என்றார் அப்பா. "ஆனா இங்கயே இருந்திருக்கலாம்னுதான் எனக்கு இருக்கு."

"எனக்கும்தாம்பா."

பஸ் வந்தது. அப்பா ஏறிப் போய்விட்டார்.

நான் நேராகப் பருத்திக்காட்டுக்குப் போனேன். பிடுங்கிய மூன்று வரிசையில் மறுபடி பருத்தி வைக்கப் பருவம் தாண்டிவிட்டது. அத்தை அங்கே கொத்தமல்லி விதைத்துக்கொண்டிருந்தார். நான் செய்ததெல்லாம் அவருக்குத் தெரியும். என் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. ஒரு கை விதையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அழுதுக்கிட்டே வெதைக்கலாம் பாப்பா, ஒண்ணும் ஆகாது. வரிசை மட்டும் கோணக்கூடாது."

மூன்றாவது வரிசை முடியும்வரை அழுதேன். ஒன்றுகூடக் கோணவில்லை.