துணி சுற்றிய மணி

அக்காவின் மணி அடித்தபோது அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் அறை வாசலில் நின்று பார்த்தாள். போர்வை சீராக ஏறி இறங்கியது. இடது கையின் ஆள்காட்டி விரலில் கட்டிய நூல் தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்றும் இல்லை. சாயங்கால மழைக்குப் பயந்து ஜன்னல்களை அவளேதான் சாத்தியிருந்தாள்.

"தூக்கத்துலயும் என்னைத்தான் கூப்பிடுவியா?" என்று முணுமுணுத்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

ஐம்பத்திரண்டு வயதாகியும் இந்த வீட்டில் அவள் சின்னவள்தான். பக்கவாதம் வந்து அக்காவின் பேச்சும் உடம்பும் போய், அந்த ஒரு விரல் மட்டும் மிஞ்சியபோது, வெளிவேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே காற்றுமணி செய்ய உட்கார்ந்தாள். அலுமினியக் குழாயை அறுத்து, நீளத்தில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தில் துளை போட்டு, நைலான் நூலில் தொங்கவிட வேண்டும். துளை இடம் மாறினால் குழாய் பாடாது, டொக்கென்று இருமும். அப்படிக் கெட்டுப்போன குழாய்களை வைத்து அக்காவுக்கு ஓர் அழைப்புமணி கட்டினாள். அது மேசைக்கு மேலே தொங்கியது. அதன் நூல் கதவுக்கு மேல் அடித்த ஆணிகள் வழியாக அக்காவின் விரலுக்குப் போனது. முடித்த மற்ற மணிகளையெல்லாம் துணிப்பட்டை சுற்றி வாயடைத்து வைப்பாள். வீட்டில் அக்காவின் குரல் மட்டும் கேட்க வேண்டும் அல்லவா?

கேட்டுக் கேட்டு எட்டு மாதமாகிவிட்டது. தண்ணீருக்கு ஒரு முறை, தலையணைக்கு ஒரு முறை, ஒன்றுமில்லாமல் சும்மா பத்து முறை. இடுப்பு விட்டுப்போயிருந்தது. கேட்டிருந்த பத்து காற்றுமணிகளுக்காகக் கடைக்காரர் வேறு போன் செய்தார்.

"காலைல பத்தும் வந்துடுமாம்மா?"

"வந்துடும்ணே."

டொக்.

"இதோ வரேன்க்கா. ஒரு நிமிஷம்."

போனாள். தண்ணீர் அப்படியே இருந்தது. தலையணை சரியாகத்தான் இருந்தது. முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கொஞ்ச நாளாகவே பார்ப்பதில்லை. பார்த்தால் அந்தக் கண்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு அங்கேயே உட்கார வேண்டியிருக்கும்.

திரும்பி வந்து டிரில்லைக் கையில் எடுத்ததும், டொக். டொக்.

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். துணிப்பட்டை ஒன்றைக் கிழித்து அக்காவின் மணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"அஞ்சே நிமிஷம்க்கா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. துணிக்குள் மணி சத்தமில்லாமல் துடித்தது. நூல் இழுபட்டது, தளர்ந்தது, இழுபட்டது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள். எப்போது அது நின்றது என்று அவளுக்குத் தெரியாது.

பத்தாவது மணியை முடித்ததும் முதல் காரியமாகத் துணியை அவிழ்த்தாள். அறைக்குள் ஓடினாள்.

கட்டில் காலியாக இருந்தது.

போர்வையில் சூடு ஆறவில்லை. தைல வாசனை அப்படியே இருந்தது. நூலின் சுருக்கு தலையணைமேல் வாய் திறந்து கிடந்தது. கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. புரண்டு படுக்கவே முடியாதவள் எங்கே போவாள்?

"அக்கா?"

கட்டிலில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சாய்ந்தாள். ஒரு நிமிஷம் மட்டும். எட்டு மாத அசதி அவளை மெத்தையோடு அழுத்தியது.

எழுந்திருக்க நினைத்தபோது கால் வரவில்லை.

கை வரவில்லை.

நாக்கு புரளவில்லை.

இடது ஆள்காட்டி விரலில் ஏதோ இறுக்கிப் பிடித்திருந்தது. நூல்.

பக்கத்து அறையில் டிரில் ஓடத் தொடங்கியது. குழாய் துளைபடும் வாசனை வந்தது. அவள் விரலை மடக்கினாள்.

டொக்.

"இதோ வரேன்க்கா. ஒரு நிமிஷம்."

அவளுடைய குரல். அதே சலிப்பு.

காலடி வந்தது. அவளுடைய புடவை, அவளுடைய வளைந்த இடுப்பு. வந்தவள் டம்ளரைப் பார்த்தாள். தலையணையைத் தட்டினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

பாரு. என்னைப் பாரு.

போய்விட்டாள்.

டொக். டொக். டொக்.

ஸ்டூல் தரையில் இழுபட்டது. துணி கிழிந்தது.

"அஞ்சே நிமிஷம்க்கா."

அவள் நூலை இழுத்தாள். இழுத்தாள். சத்தம் வரவில்லை.