இரண்டு வருஷம் தாங்கும்

செத்துப்போன அப்பாவின் கைப்பேசியைச் சித்தி சார்ஜில் போட்டிருந்தாள்.

பேருந்தில் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்த மூத்த மகள், தோள்பையைக்கூட இறக்காமல், சுவரோரம் மினுக்கிக்கொண்டிருந்த அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தபடி நின்றாள்.

"பழக்கம்மா," என்றாள் சித்தி, யாரும் கேட்காமலே. "கை தானா போட்டுடுச்சு."

அம்மா போன பிறகு அப்பா கட்டிக்கொண்டவள். அவளைக் குறை சொல்ல மூத்தவளுக்கு இதுவரை ஒன்றும் கிடைத்ததில்லை. கிடைக்காததே ஒரு குறையாக உறுத்திக்கொண்டிருந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் இழப்பீட்டு மனுக்களில் எது பொய் என்று மோப்பம் பிடிப்பது மூத்தவளின் வேலை. அதனாலேயே தம்பி அவளுக்கு வைத்த பெயர் போலீஸ்காரி.

படுக்கையறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் டக் டக்கென்று முனகிக்கொண்டிருக்க, குளியலறைக் குழாய் விட்டுவிட்டுச் சொட்ட, மாலை வெயில் திரைச்சீலை வழியாகப் பழுத்த மஞ்சளாகக் கசிந்து அப்பாவின் முகத்தில் படிந்திருந்தது. நெருங்கிக் குனிந்தபோது சாவின் வாடை வரவில்லை. ஆஸ்பத்திரி நடைகளில் துடைத்த தரை காயும்போது வருமே, தித்திப்பும் காரமுமாக, அந்த வாடைதான் மெலிதாக வந்தது.

"ஐஸ் பெட்டிக்குச் சொல்லலையா சித்தி?"

"எதுக்கு? உடம்பு கெடாம மருந்தேத்த, எம்பாமிங் பண்ண ஆள் வர்றார். முன்பணம் குடுத்தாச்சு."

தொகையைக் கேட்டதும் மூத்தவளுக்கு அழுகை நின்றுபோனது. அவளுடைய ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

"நாளைக்குக் காலையில எடுக்கப்போறோம். ஒரு ராத்திரிக்கு எதுக்கு இவ்வளவு செலவு? ஐஸ் பெட்டியே தாராளம்."

"உன் தம்பி வந்து முகத்தைப் பாக்க வேணாமா?" சித்தி அப்பாவின் தலைமுடியைக் கோதிவிட்டாள். அவள் கண்கள் வறண்டிருந்தன.

மூத்தவள் பின்கட்டுக்குப் போய்த் தம்பிக்குப் போன் செய்தாள்.

"நான் வரலைன்னு காலையிலேயே சித்திகிட்ட சொல்லிட்டேனே அக்கா. இங்க லீவு குடுத்தாத்தானே."

"அப்புறம் எதுக்குடா எம்பாமிங்?"

"ஆரம்பிச்சுட்டியா போலீஸ்காரி? அப்பா சாவுக்குமா ஃபைல் தொறப்ப? சித்தி ஆசைப்படறாங்க, பண்ணிட்டுப் போகட்டும். பாதி நான் தர்றேன்."

அவன் வைத்துவிட்டான். அவள் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

தம்பி வரமாட்டான் என்று சித்திக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னாள்? இரண்டு வருஷத்துக்கு முன்னால், டாக்டர்களே கைவிரித்த பிறகும் ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்த மனுஷன் அப்பா. போன விடுமுறையில்கூட அவளோடு சீட்டு விளையாடி, கூசாமல் ஏமாற்றி ஜெயித்தார். அப்பேர்ப்பட்டவர் ஒரே ராத்திரியில் எப்படிப் போவார்? அடுத்த தெரு டாக்டர் மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார். எட்ட நின்று பார்த்திருப்பார். உடம்பிலிருந்து ரத்தத்தை வடித்துவிட்டு மருந்தை ஏற்றிவிட்டால், நாளைக்கு யார் சந்தேகப்பட்டாலும் சோதிக்க என்ன மிஞ்சும்? விஷத்தை மறைக்க ஒரு மாதச் சம்பளம் அதிகமில்லையே.

நினைத்த மாத்திரத்தில் வாய் கசந்தது. ஆனால் நினைப்பு நகரவில்லை.

மருந்தேற்றுகிறவர் விளக்கேற்றும் நேரத்தில் வந்தார். சைக்கிள் பம்பு விற்பவர் மாதிரி சாதுவான முகம். அப்பாவை நீள மேசைக்கு மாற்றினார். ஒரு மோட்டாரையும் குழாய்களையும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்தார்.

"பயப்படாதீங்கம்மா. என்கிட்ட வந்தவங்க யாரும் இதுவரை வலிக்குதுன்னு சொன்னதில்ல."

வழக்கமான நகைச்சுவைபோல. சித்தி மட்டும் சிரித்தாள்.

"வெந்நீர் கொண்டாறேன்," என்று புறப்பட்டவள் வாசற்படியில் நின்று திரும்பினாள். "வலப்பக்கமே போடுங்க தம்பி."

இதில் இடம் வலம் இருப்பது சித்திக்கு எப்படித் தெரியும்?

அவள் காலடி ஓசை சமையலறைக்குள் போய்ச் சேரும்வரை மூத்தவள் பொறுத்திருந்தாள்.

"நிஜத்தைச் சொல்லுங்க. இது தேவைதானா?"

அவர் கையுறையை மாட்டிக்கொண்டே தயங்கினார். "காசு வாங்கறவன் நானே சொல்லக்கூடாது. தூர தேசத்துக்கு அனுப்பணும், நாலஞ்சு நாள் வெச்சிருக்கணும்னா சரி. நாளைக்கே எடுக்கறதுக்குத் தேவையில்லம்மா. போன்லயும் சொன்னேன். அவங்க கேக்கல."

"அப்ப எனக்கு ஒண்ணு பண்ணுங்க. வடியற ரத்தத்துல கொஞ்சம் ஒரு பாட்டில்ல பிடிச்சுக் குடுங்க. அவங்களுக்குத் தெரிய வேணாம்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இதுபோன்ற மகள்களை முன்பும் பார்த்திருப்பார். கழுத்தின் வலப்பக்கம் கீறி, குழாயைச் செருகி, மோட்டாரைப் போட்டார். தாழ்ந்த உறுமல் ஒன்று மேசையில் ஏறி, தரையில் இறங்கி, அவள் பாதங்கள் வழியாகப் பற்களுக்கு வந்தது. ரத்தக்குழாயைத் திறந்து கீழே பாட்டிலைப் பிடித்தார்.

ரத்தம் வரவில்லை.

வெளிர் ரோஜா நிறத்தில், தண்ணீர்போல ஒரு திரவம் வந்தது. அவள் கண்கள் எரிந்தன. அதே வாடை.

"என்னது இது?"

அவர் அப்பாவின் தலையை மெல்லத் திருப்பினார். சட்டைக் காலர் மறைத்திருந்த இடது கழுத்தைத் துடைத்தார். விளக்கை இழுத்துப் பிடித்தார்.

ஒரு தையல். பழையது.

"ஆஸ்பத்திரியில போட்டிருப்பாங்க," என்றாள் அவள்.

"உயிரோட இருக்கறவங்களுக்குப் போட்டா தோல் சேர்ந்துக்கும்மா. இது சேரவே இல்ல." அவர் குரல் இறங்கியது. "நான் இடதுகைக்காரன். மத்தவங்க தையல் ஒரு பக்கம் சாஞ்சா என்னுது மறு பக்கம் சாயும். முடிவுல ரெட்டை முடிச்சு. இது என் தையல்."

"எப்ப?"

"நூல் இத்துப்போயிருக்கு. ரெண்டு வருஷம் இருக்கும்."

ஆவி பறக்கும் பாத்திரத்தோடு சித்தி உள்ளே வந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். திறந்த காலரைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"ரெண்டு வருஷம் தாங்கும்னீங்க தம்பி. முழுசாத் தாங்கலை. போன மாசத்துலேர்ந்தே பேச்சு இழுத்துச்சு."

அவர் அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் பார்த்த முகமாக இருக்க வேண்டும். உதடுகள் வெளுத்தன.

"நீங்க... ஈமக்காரியத்துக்குன்னுதானே அன்னிக்கு மருந்தேத்தச் சொன்னீங்க?"

"காரியத்துக்குன்னு நான் எப்பச் சொன்னேன்?" சித்தி பாத்திரத்தை வைத்தாள். "இந்தத் தடவை வாயை மட்டும் தைக்காதீங்க. போன தடவை நான்தான் உக்காந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். பாவம், ரொம்ப சிரமப்பட்டார்."

அவர் பின்னால் நகர்ந்தார். ஒரு நாற்காலி விழுந்தது. பிறகு தெருக்கதவு அறைந்த சத்தம்.

மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது.

அப்பாவின் விரல்களில் நிறம் ஏறியது. முதலில் நகக்கண். பிறகு கணு. பிறகு உள்ளங்கை.

சீட்டைக் கலைத்த கை. அவள் தலையில் வைத்து ஆசீர்வதித்த கை.

"நீ வந்ததும் நல்லதுதான்," என்றாள் சித்தி. குரலில் முதன்முறையாக அழுகை. "உன்னைப் பாத்தாச் சந்தோஷப்படுவார். உனக்கும் அப்பா வேணும்தானே?"

வேண்டும். கடவுளே, வேண்டும்.

அவள் சுவரை நோக்கிப் பாய்ந்தாள்.

"வேணாம்மா! பாதியில நிறுத்தக்கூடாது!"

பிளக்கைப் பிடுங்கினாள். மோட்டார்மேல் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது. குழாய் துவண்டது. மோட்டார் நின்றுவிட்டது.

உறுமல் நிற்கவில்லை.

அவள் திரும்பினாள். அப்பாவின் கண்கள் மூடியே இருந்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் அங்கிருந்து வந்துகொண்டிருந்தது.