அவள் அழுத்தாத பொத்தான்

டிக்.

அவள் அழுத்தவில்லை.

முதுகுத்தண்டில் அறுவை முடிந்து இரண்டாம் நாள். மதிய வெயில் திரைச்சீலையில் மஞ்சளாய்த் தேங்கி நிற்க, மருந்து நெடிக்கும் துவைத்த போர்வையின் வாசனைக்கும் நடுவே, கட்டிலோரம் இருந்த வலிமருந்து மெஷின் மெல்ல உறுமியபடி அவள் நரம்புக்குள் இன்னொரு சொட்டைத் தள்ளியது. அதன் பொத்தான் அவள் கையில் இல்லை. கணவரின் கையில் இருந்தது.

காலையில்தான் நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். "வலிச்சா நீங்க மட்டும்தான் அழுத்தணும். கண்ணு சொக்கிட்டா அழுத்த மாட்டீங்க இல்ல, அதுதான் காவல். தூக்க மாத்திரை கீத்திரை இதோட சேர்த்துடாதீங்க. மூச்சு நின்னுடும்."

செவிடன் காதில் ஊதிய சங்கு.

"நீ முனகுறதைக் கேக்க முடியலம்மா," என்றார் கணவர். "உன் தூக்க மாத்திரை ரெண்டை ஜூஸ்ல கரைச்சுக் குடுத்துட்டேன். சொல்லிக் குடுத்தா நீ குடிப்பியா?"

அடப்பாவி மனுஷா!

கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பசிக்கிறதா, குளிர்கிறதா என்று கல்யாணமான நாளிலிருந்து முடிவு செய்வது அவர்தான். இப்போது வலியையுமா? கத்த வாயெடுத்தாள். நாக்கு மரக்கட்டையாய்க் கிடந்தது. டிரைவிங் ஸ்கூலில் இருபது வருஷம் கற்றுக்கொடுத்து, பக்கத்து சீட்டிலிருந்து பிரேக் மிதித்த அவள் கால், போர்வைக்குள் பிரேக்கைத் தேடப் பார்த்தது. அசையவில்லை.

மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. பிறகு நெடுநேரம் எதுவுமில்லை.

ஆக்சிஜன் அளக்க அவள் விரலில் மாட்டியிருந்த கிளிப்பின் மானிட்டர் அலறியது.

"சனியன், தூங்க விடுதா பாரு." கிளிப்பைக் கழற்றித் தன் விரலில் மாட்டி, போர்வைக்குள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அலறல் நின்றது.

நர்ஸ் வாசலில் எட்டிப் பார்த்தாள். படுத்திருந்தவளின் முகத்தைக் கணவரின் முதுகு மறைத்தது. மானிட்டர் திரையில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு.

"தூங்குறாங்களா?"

"அசந்து தூங்குறா, சிஸ்டர்."

இல்லடி! கிட்ட வா! என் மூஞ்சியைப் பாரு!

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

டிக்.

வலி இல்லை. துளிகூட இல்லை. கோபம் மட்டும்.

உள்ளே.

வெளியே.

காத்திருந்தாள்.

உள்ளே வரவில்லை.

கணவர் குனிந்தார். விரியத் திறந்த கண்கள் அவரையே முறைத்தன.

"இன்னும் தூங்கலையா நீ?"

செல்லமாகச் சிரித்துக்கொண்டே, இரண்டு விரல்களால் அவள் இமைகளை மெதுவாக இழுத்து மூடினார்.