உள்ளூர் அளவுகோல்

வேர்மானி இயந்திரத்தின் முன் உட்கார்ந்து "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. சொன்னால் பயணம் அவ்வளவுதான். திருச்சி விமான நிலையத்தின் வசிப்புத் தீர்வகச் சுவரில் இதைப் பெரிதாக எழுதியே போட்டிருந்தார்கள். அப்படியும் தினமும் யாராவது சொல்லி மாட்டிக்கொண்டார்கள். நாக்கு பழகிய பழக்கம்.

அஞ்சுகம் அம்மா பாக்கியத்தோடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு குடியுரிமைகள். ஒன்று பிறந்த நாட்டுடையது. மற்றது, கடலடி ஆய்வுக்கூடத்தில் வேலை கொடுத்த வடகடல் ஒன்றியத்துடையது. அம்மாவின் இடுப்பு ஆபரேஷனுக்காக வந்தவள், இப்போது ஒன்றியத்தின் பெர்கன் நகரத்துக்குத் திரும்புகிறாள். இரட்டைக் குடியுரிமைக்காரர் நாட்டை விட்டுப் போகும்போது ஒன்றைத்தான் கொண்டுபோகலாம். எது என்பதை வேர்மானி சொல்லும்.

முன்பெல்லாம் எந்த நாட்டில் எத்தனை நாள் இருந்தாய் என்று பார்த்து வரி போட்டார்கள். வசதியுள்ளவர்கள் நாள் பார்த்து விமானம் ஏறி ஏமாற்றினார்கள். உடம்பு எங்கே இருந்தால் என்ன, மனசு எங்கே குடியிருக்கிறது என்று பார்ப்போம் என்று இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டன. வேர்மானியின் நெற்றிப்பட்டை மூளையலையைப் படிக்கும். அதன் செவிக்குமிழ், வீட்டு மொழியில் விடைபெறும் குரலின் நடுக்கத்தைப் படிக்கும். மனம் இருக்கும் நாட்டுக்கு வரி, அங்கேயே குடியுரிமை. திரும்பி வரும் எண்ணம் நூலளவு தெரிந்தாலும் ஒன்றியத்தின் குடியுரிமை அந்த நிமிடமே ரத்து. வேலையும் அதோடு போகும்.

லால்குடிப் பக்கம் அரிசி ஆலையில் நெல் அவித்து அம்மா வாங்கிக் கொடுத்த படிப்பு. குடும்பத்தின் முதல் பட்டம். அது இப்போது ஒரு சொல்லில் தொங்கியது.

"போறேன்னு மட்டும் சொல்லாதடி," என்றாள் பாக்கியம். "உங்கப்பா ஒரு நாள் கோவத்துல அப்படித்தான் சொல்லிட்டுப் போனாரு."

"ம்மா, அவரு லாரி மோதிச் செத்தாரு. சொல்லு மோதியா செத்தாரு?"

"உனக்கு எல்லாம் தெரியும்." பாக்கியம் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நேரமாச்சு. குட எடுத்து வெச்சியா? அங்க மழை."

"உன் வாட்ச் தப்பா ஓடுது."

"தப்பா ஓடல. அது உன் ஊரு நேரம்."

முன்னால் இருந்த தொழிலதிபர் எழுந்து உள்ளே போனார். கண்ணாடிக் கதவு வழியே எல்லாம் தெரிந்தது. அவர் வீட்டு மொழி ஆங்கிலம் என்று பதிந்திருந்தது. மனைவியைப் பார்த்து "பை" என்றார். அவ்வளவுதான், பச்சை விளக்கு. அந்தச் சொல்லில் போவதும் இல்லை, வருவதும் இல்லை. வரிக்கு அகப்படுவதும் இல்லை.

அடுத்து அஞ்சுகம். வீட்டு மொழி தமிழ்.

உதவி ஆணையர் சௌந்தரராஜன் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, இருவர் நெற்றியிலும் பட்டையைக் கட்டினார்.

"எனக்கு எதுக்குங்க?" என்று கேட்டாள் பாக்கியம்.

"நீங்க உள்ளூர் அளவுகோல்ம்மா. மனசு இந்த மண்ணுலயே இருக்குற ஒருத்தர் வேணும். அவங்கள வெச்சுத்தான் போறவங்க மனசு எவ்வளவு விலகியிருக்குன்னு மெஷின் பாக்கும்."

"சார், அந்த 'வரேன்' பழக்கச் சொல்லு," என்றாள் அஞ்சுகம். "சாவு வீட்டத் தவிர எல்லா இடத்துலயும் அதத்தான் சொல்லுவோம். பக்கத்துக் கடைக்குப் போனாலும் சொல்லுவோம். மெஷின் செஞ்சவனுக்கு இது தெரியாதா?"

"பழக்கமே சாட்சின்னு தீர்ப்பு வந்தாச்சு. நீங்க சொல்ல வேண்டியத மட்டும் சொல்லுங்க."

அஞ்சுகம் அம்மாவைப் பார்த்தாள். திரையில் அவளுடைய கோடு ஆடியது. மஞ்சள் விளக்கு எரிந்தது. மஞ்சளுக்கு அடுத்தது சிவப்பு.

சௌந்தரராஜன் திரையைப் பார்த்துச் சிரித்தார். "ஆடுதே. எங்க வரிப்பணத்துல சலுகையில படிக்கிறது, அப்புறம் வெளிநாட்டுக்கு வரி கட்டுறது. இந்த மண்ணு உங்களுக்கு என்னம்மா குறை வெச்சுது?"

இதே திருச்சியில், முதல் வேலை கிடைத்தபோது, வாடகைக்கு வீடு கேட்டு அவள் தெருத் தெருவாக நடந்திருக்கிறாள். சம்பளம் கேட்பார்கள், சந்தோஷப்படுவார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுங்க?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் வீட்டில் திடீரென்று வெள்ளையடிக்கும் வேலை வந்துவிடும். வீடு கொடுக்காத மண் இப்போது அவள் மனசுக்கு வீட்டு வரி கேட்கிறது.

கோபம் ஏறியது. குரல் நடுங்கவில்லை.

"போறேன்."

மஞ்சள் அணைந்து பச்சை எரிந்தது. *வேர் இல்லை* என்றது திரை.

பாக்கியத்தின் உதடு ஒரு கணம் கோணியது. அவளுக்கும் ஒரு நாக்கு இருந்தது, அதற்கும் ஒரு பழக்கம் இருந்தது. "போயிட்டு வா தங்கம்," என்றாள்.

இயந்திரம் விட்டு விட்டு ஒலித்தது. பாக்கியத்தின் பக்கத்து விளக்கு நீலமாக எரிந்தது. அது ஒன்றியத்தின் நிறம். சௌந்தரராஜன் ஒரு பொத்தானை இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

"நீங்க பெர்கன் போயிருக்கீங்களாம்மா?"

"நானா? திருச்சியத் தாண்டுனதில்லீங்க."

"மெஷின் உங்க வசிப்பிடம் பெர்கன்னு சொல்லுது."

அஞ்சுகத்துக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றது. திரையில் வரிசையாகச் சொற்கள் ஓடின. ரேஷன் நிறுத்தம். முதியோர் உதவித்தொகை நிறுத்தம். வாக்குரிமை நீக்கம். வீட்டுமனைப் பட்டா பரிசீலனையில்.

"நிறுத்துங்க சார்! அவங்க இங்கதான் இருக்காங்க. உங்க முன்னாடிதான் உக்காந்திருக்காங்க!"

"உடம்புதானேம்மா இருக்கு. சட்டம் அதப் பாக்காது."

"நான் மேல்முறையீடு பண்றேன்."

"நீங்களா?" அவர் பச்சை விளக்கைக் காட்டினார். "உறவுக்காரங்கதான் பண்ண முடியும். உங்களுக்கு இங்க யாரும் இல்லன்னு இப்பத்தானே நிரூபிச்சீங்க."

பாக்கியம் எதுவும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நெற்றிப்பட்டையை அவிழ்க்கலாமா என்று கூடக் கேட்கவில்லை. அஞ்சுகத்தின் விமானத்துக்கு முதல் அழைப்பு வந்தது. அவள் பையைக் கீழே வைத்தாள்.

"வேற வழி என்ன சார்? இருக்குமில்ல?"

"உங்கம்மாவுக்கு மறு அளவை. இப்பவே பண்ணலாம். ஆனா எதிர்ல வேற உள்ளூர் அளவுகோல் வேணும். மனசு நிச்சயமா இங்க இருக்குற ஒருத்தர்."

"இத்தன பேர் இருக்கீங்களே. யாராவது ஒருத்தர் உக்காருங்க."

சௌந்தரராஜன் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். தட்டச்சரின் பெண் துபாயில் இருந்தாள். அவர் தன் திரையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். எழுத்தர், சிங்கப்பூரில் இருந்த தம்பியோடு பேசிக்கொண்டிருந்த போனை மேசைக்கடியில் ஒளித்தார். வாசலில் நின்ற காவலரின் சட்டைப்பையில் கனடா விண்ணப்பத்தின் ரசீது இருந்தது. "எனக்கு டூட்டி," என்றார் அவர். நீல விளக்கு எரிந்தால் வேலை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப நீங்களே உக்காருங்க," என்றாள் அஞ்சுகம் சௌந்தரராஜனிடம்.

அவர் மேசையில் ஒரு சின்னக் கடிகாரம் இருந்தது. கூடத்துச் சுவர்க் கடிகாரத்துக்கும் அதற்கும் நேரம் ஒத்துப்போகவில்லை. அவள் பார்ப்பதைப் பார்த்து அவர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

"அது எந்த ஊரு நேரம் சார்? பையன் அங்க இருக்கானா?"

அவர் வேர்மானியின் செவிக்குமிழை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

விமானத்துக்கு இரண்டாம் அழைப்பு வந்தது. பாக்கியம் நெற்றிப்பட்டையோடு எழுந்து சேலையைச் சரிசெய்தாள்.

"அப்ப நானும் கிளம்பணுமா? சரி. போறேன்னு சொல்லணும்னா சொல்றேன்," என்றாள். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

"யார்கிட்டங்க சொல்றது? இங்க யாரு இருக்கா?"