கண் உருளும் சத்தம்

மைக் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் ஈயக் கண்ணாடிக்கு அப்பால், ஸ்கேன் மேசையில் மல்லாந்து கிடந்த தங்கையின் குரல், காதோரம் வந்து பேசுவதுபோல் கேட்டது.

"முறைக்காதக்கா."

அங்கிருந்து இவளைப் பார்க்க வழியே இல்லை. மெஷின்தான் ஏதோ இரைகிறது என்று, ஸ்கேனை இயக்கிக்கொண்டிருந்த அக்கா நினைத்துக்கொண்டாள்.

தங்கைக்கு வலது காதில் கோளாறு. எழுந்தால் தலைசுற்றல், கண் உருளும் சத்தம்கூட மண்டைக்குள் கேட்கிறதாம். உலகத்தில் இல்லாத நோவு சின்னவளுக்குத்தான் வரும், அம்மாவைக் கட்டிப்போட. அக்காவுக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். சின்னவளுக்கு முப்பது வயதிலும் மடி. இப்போதும் அவள் கழற்றிக் கொடுத்த கம்மலைக் கைக்குட்டையில் முடிந்து நெஞ்சோடு பிடித்தபடி அம்மா வெளியே உட்கார்ந்திருந்தாள். சின்னவள் 'கண்ணு'. இவள் வெறும் 'பெரியவளே'.

திரையில் காதெலும்பு விரிந்தது. நத்தைக் கூடு, பக்கத்தில் மூன்று வளையங்கள், வலது மேல்வளையத்தின் கூரையில் ஊசிமுனை அளவு ஓட்டை. நாளை காலை டாக்டர் அதை அடைப்பார். இடது காது சுத்தம்.

படத்தில் இடப்பக்கம் இருப்பது ஆளுக்கு வலம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இவள்தான் அதைச் சொல்லிக்கொடுப்பாள். ஒரே சொடுக்கில் படம் புரளும். மூலையில் வலம், இடம் காட்டும் எழுத்து மட்டும் புரளாது. நல்ல காதைத் துளைப்பார்கள். அம்மா 'கண்ணு' என்று கூப்பிடுவது அவளுக்குக் கேட்காமலே போகட்டும். யாராவது கேட்டால் கைத்தவறு.

சொடுக்கினாள்.

"திருப்பிட்டியாக்கா?"

மைக் அணைந்தே இருந்தது.

"என் கண்ணுதான் உருளுதுன்னு நெனச்சேன். அது உன் கண்ணு. சின்ன வயசுலேருந்து என்மேலயே இருக்கு."

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்களே. படத்தைப் பழையபடி திருப்ப வேண்டும். பொத்தான் எங்கே? குனிந்து பார்த்தாள்.

கர்ர்ர்.

அவள் மண்டைக்குள். ஈரக் கதவைத் தள்ளியதுபோல். நிமிர்ந்தாள். கர்ர்ர். வெளியே ஏதோ விழுந்தது. கதவு திறந்தது.

கடைக்கண்ணில் அம்மா. இரண்டு காதையும் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம்.

"பெரியவளே, கண்ணை அசைக்காதடி. அந்தச் சத்தம் காதைக் கிழிக்குது."

அசைக்கவில்லை. திரையையே பார்த்தாள். தங்கையின் நல்ல காதின் எலும்பில், அவள் பார்வை நின்ற இடத்தில், ஓட்டை விழுந்தது. பார்க்கப் பார்க்கப் பெரிதானது.